போர் விமானி எழுதிய நினைவுக்குறிப்பு: அங்கே இருந்தவருக்கு ஒரு நூல், நமக்கு வேறொரு நூலா?

ஏட்டுச்சுவடி:
ராபர்ட் மேசனின் 'சிக்கன்ஹாக்' நூலை நேற்றுதான் முடித்தேன். வியட்நாம் போரில் 1965-66இல் அமெரிக்காவின் முதலாம் கேவல்ரி டிவிஷனில் ஹியூயி ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஆயிரம் முறைக்கு மேல் போர்க்களத்துக்குப் பறந்திருக்கிறார். நூல் வெளிவந்தது 1983இல்.

நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முற்பகுதி முழுக்கப் பயிற்சி, இயந்திரம், நெம்புகோல், பெடல். அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகுவதற்கே பக்கம் பக்கமாகப் போகிறது. சில இடங்களைத் தள்ளிவிட்டுப் படித்தேன். வியட்நாமில் பறந்த முன்னாள் வீரர்களோ இந்த நூலைத்தான் மனைவி மக்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வதாகப் பல இடங்களில் பார்க்கிறேன். இதைவிட உருக்கமாக எழுதப்பட்ட போர் நூல்கள் எத்தனையோ இருக்க, ஏன் இது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தாய்மாமா ராணுவ ஹெலிகாப்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவரிடம் இதைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

சுழலி:
தம்பி, நீங்கள் தள்ளிவிட்டுப் போன பக்கங்கள்தாம் எங்களுக்கு நூல்.

நான் விமானி இல்லை. ஹெலிகாப்டர்களைத் தரையில் பராமரித்தவன். மேலே சுழலும் இறக்கையான ரோட்டாரின் அதிர்வைக் கையால் தொட்டே இது சரியில்லை என்று சொல்லக்கூடிய ஆட்களோடு வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தரத்தில் நிற்பது என்றால் சும்மா நிற்பது என்று நினைக்கிறீர்கள். இடது கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோல், வலது கையில் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்கும் சைக்ளிக் நெம்புகோல், இரு கால்களிலும் மூக்கைத் திருப்பும் பெடல். கலெக்டிவை உயர்த்தினால் ஹெலிகாப்டர் மேலே எழும், கூடவே உடல் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைப் பெடலால் பிடித்தால் இயந்திரத்தின் சக்தியில் ஒரு பங்கு வால் ரோட்டாருக்குப் போய்விடும், உயரம் குறையும். அதைச் சரிசெய்யப் போனால் மற்றது கெடும். பழகுகிறவன் ஒன்றைப் பிடிக்க மற்ற இரண்டும் நழுவும். ஒருநாள் திடீரென்று மூன்றும் கைக்குள் அடங்கும். எப்படி அடங்கியது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

இப்போது வியட்நாமின் மலைப்பகுதியை நினைத்துப் பாருங்கள். வெப்பமும் உயரமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும். அந்தக் காற்றில் ரோட்டாருக்கும் தூக்கும் வலு குறைவு, அதைச் சுழற்றும் டர்பைன் இயந்திரத்துக்கும் மூச்சு குறைவு. உள்ளே ஆயுதங்களோடு வீரர்கள். சுற்றிலும் மரங்கள். ஏறும்போது ரோட்டாரின் சுற்று வேகம் விழத் தொடங்குகிறது. ஹியூயியில் இடது பெடலைச் சற்றுத் தளர்த்தி, மூக்கை வலப்பக்கம் திரும்ப விட்டால், வால் ரோட்டார் தின்னும் சக்தி கொஞ்சம் மிச்சமாகும். அந்தக் கொஞ்சத்தில் மரத்தின் உச்சியைத் தாண்டிவிடலாம். தாண்டாமலும் போகலாம்.

'எனக்குப் பயமாக இருந்தது' என்று யாரும் எழுதலாம். கால் பெடலைத் தளர்த்திய விதத்தை எழுதினால், அதைப் படிக்கிற பழைய விமானியின் கால் நாற்காலிக்குக் கீழே அசையும். உருக்கமாக எழுதிய நூல்கள் அவரிடம் எடுபடாது. 'இவனுக்கு என்ன தெரியும்' என்று மூடிவிடுவார். வேலையைச் சரியாக எழுதியவன் சொல்கிற மற்றதையும் அவர் நம்புவார்.

பழைய ஏடு:
சுழலி ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். பெடல் சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நடந்து பதினேழு ஆண்டு கழித்து வந்த நூல் இது. அதில் பக்கம் பக்கமாக உரையாடல். யாருடைய நினைவிலும் பேச்சு அப்படி வரி மாறாமல் தங்குவதில்லை. மேசன் பொய் சொன்னார் என்கவில்லை. விமானிகளின் நூல்களை வரலாறாகப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்கிறேன். ஜப்பானிய விமானி சபுரோ சகாய் பெயரில் 1957இல் வந்த ஆங்கில நூலை அமெரிக்க எழுத்தாளர் ஒருவர்தான் எழுதிக் கொடுத்தார். அதில் 64 விமானங்களை வீழ்த்தியதாக வருகிறது. பின்னால் ஆய்வு செய்தவர்கள் அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. ஆனால் உலகம் முழுக்க விமானப் பித்தர்களின் மனத்தில் பதிந்தது அந்த 64தான்.

எனக்கு இன்னும் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. முன்னாள் வீரர் ஒருவர் இந்த மாதிரி நூலைப் படித்து 'அப்படியேதான் இருந்தது' என்கிறார். பத்து ஆண்டு கழித்து அவர் தன் பேரனுக்குச் சொல்லும் கதையில் எது அவர் கண்டது, எது அவர் படித்தது? நூல் நினைவைத் திறந்துவிடுவதாக எல்லாரும் சொல்கிறார்கள். அது நினைவின் மேல் எழுதியும் விடுகிறது.

கார்குழலி:
மனநலப் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். பழைய ஏடு சொன்னது உண்மைதான், ஆனால் எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களிடம் முதலில் நிற்கும் சிக்கல் அதுவல்ல. கதை சரியா தவறா என்பதற்கு முன்னால், கதையே இல்லாமல் இருப்பதுதான் அவர்களுடைய சிக்கல். தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்குக் கோபம், கூட்டம் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் தெரியாது. போரை மட்டும் பேச மாட்டார்கள்.

அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்த நிலைக்கு 1980இல்தான் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்த நோய்) என்ற தனிப் பெயர் கிடைத்தது. வியட்நாமில் ஓராண்டு முடித்தவர்கள் பெரும்பாலும் தனித்தனியாக விமானம் ஏறி ஊர் திரும்பினார்கள். கூட இருந்த பிரிவு அங்கேயே இருக்கும், இவர் மட்டும் சில நாட்களில் வீட்டு வாசலில் நிற்பார். 1980களில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆணையின்படி நடந்த பெரிய ஆய்வில், அங்கே பணியாற்றிய ஆண்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளானார்கள் என்றும், ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் அதோடுதான் வாழ்ந்தார்கள் என்றும் கண்டார்கள். போர் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகும்!

ஆகவே எனக்கு இந்த நூலில் முக்கியமானது பெடல் இல்லை, கடைசிப் பகுதி. மேசன் திரும்பி வந்து பயிற்சியாளராகிறார். தூக்கம் போகிறது. தலைசுற்றல், மயக்கம். பறக்கும் தகுதியே பறிபோகிறது. குடி. துப்பாக்கிக் குண்டு எதுவும் படாத ஒருவர் வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதை அலட்டிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார். வீட்டார் படித்தால் 'எங்கள் வீட்டில் மட்டும் இல்லை' என்று தெரிந்துகொள்வார்கள். அவருடைய மனைவி பேஷன்ஸ் மேசன் 1990இல் போரிலிருந்து திரும்பியவர்களின் குடும்பத்தாருக்காகவே தனி நூல் எழுதினார். கணவர் எழுதியதை விட அதுதான் அதிகக் குடும்பங்களுக்கு உதவும் என்பது என் கருத்து.

உங்கள் மாமா விஷயம்: பரிசுப் பொட்டலமாகக் கொடுத்து எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காதீர்கள். இப்படி ஒரு நூல் இருக்கிறது, இதில் போர் இருக்கிறது, வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். சிலருக்கு இத்தகைய நூல் மருந்தாக இருக்கும், சிலருக்கு இரண்டு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும். யாருக்கு எது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. பேசாமல் இருக்கிறவர் எல்லாரும் உள்ளே உடைந்து கிடக்கிறார் என்றும் எண்ண வேண்டாம். சிலருக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

பதுங்குகுழி:
வணக்கம். இதுவரைக்கும் வாசித்துக்கொண்டு வந்தேன். விமானிக்குத் தூக்கம் போனது, விமானிக்குப் பெடல் கனத்தது. சரி.

நான் ஹெலியைக் கீழே இருந்து பார்த்தவன். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்களைப் பங்கருக்குள் தள்ளுவா. எந்தத் திசை, எவ்வளவு தூரம், வட்டம் போடுகிறதா நேராக வருகிறதா என்றெல்லாம் ஏழு வயதிலேயே எங்களுக்குத் தெரியும். உங்களுடைய நூல் எனக்கு என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நண்பர் ஒருவர் தந்தார். ஒரு இடத்தில் இந்த மனிதனை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது. அவன் மரத்தில் மோதாமல் தப்ப வேண்டும் என்று நானே விரும்பினேன். அங்கேயே மூடி வைத்துவிட்டேன். அவன் தப்பினால் எங்கே வருவான் என்று எனக்குத் தெரியுமே.

திறமையாக எழுதிய போர் நூலின் ஆபத்து இதுதான். உங்களை அது விமானி இருக்கையில் உட்கார வைக்கும். அங்கே இருந்து பார்த்தால் கீழே இருப்பதெல்லாம் மரமும் வயலும் புகையும்தான்.

ஏட்டுச்சுவடி:
பதுங்குகுழி அண்ணா, மேசன் ஊர் மக்களையும் கைதிகளையும் எழுதாமல் விடவில்லை. அவர்களுக்கு நடந்ததைப் பார்த்துக் கூசியதையும் எழுதியிருக்கிறாரே.

பதுங்குகுழி:
எழுதியிருப்பார் தம்பி. கூசியது யார்? அவர். நூலில் யாருடைய கூச்சத்தை வாசிக்கிறோம்? அவருடையதை. அந்தக் கைதியின் கூச்சம் எங்கே?

நெறியாளர்:
சூடு நல்லதுதான், ஆனால் தனிமனிதர் மீது வேண்டாம். நீக்கும் அளவுக்கு இதுவரை எதுவும் இல்லை.

சுழலி:
பதுங்குகுழிக்கு என்ன பதில் சொல்வது என்று இரவு முழுக்க யோசித்தேன். அவர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விமானி தான் பார்க்காததை எழுதினால் அது வேறு வகைப் பொய். ஆயிரம் அடிக்கு மேலிருந்து தெரிந்ததை மட்டும் எழுதியவன், தன் பார்வை எவ்வளவு குறுகியது என்பதற்கும் சாட்சி சொல்லியிருக்கிறான். அவன் இருக்கைக்குள்ளேயே நின்று எழுதியதால்தான் நீங்கள் இவ்வளவு சரியாக அவனைக் குற்றம் சொல்ல முடிகிறது.

பழைய ஏடு:
இங்கே இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும்.

முதலாமவர் ஹியூ தாம்சன். அவரும் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் விமானி. 1968 மார்ச் 16 அன்று மை லாய் ஊரில் தம் நாட்டுப் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொல்வதை மேலிருந்து பார்த்தார். தம் சிறிய ஹெலிகாப்டரைப் படையினருக்கும் ஊர் மக்களுக்கும் நடுவே இறக்கினார். மக்களைச் சுட்டால் நம்மவர்களைத் திருப்பிச் சுடுங்கள் என்று தம் குழுவினருக்குச் சொல்லிவிட்டு, ஒளிந்திருந்தவர்களை வெளியே அழைத்து வந்து வேறு ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பினார். விமானி இருக்கையில் இருந்து மரமும் வயலும் புகையும் மட்டுமே தெரியும் என்பது முழு உண்மையில்லை. பார்க்க விரும்பியவருக்குத் தெரிந்தது. ஆனால் முப்பது ஆண்டு கழித்து, 1998இல்தான் அவருக்கு அதற்குரிய பதக்கம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவரைத் துரோகி என்றவர்களில் முன்னாள் வீரர்களும் இருந்தார்கள். ஆக, முன்னாள் வீரர்கள் விரும்பும் நினைவும் இருக்கிறது, விரும்பாத நினைவும் இருக்கிறது. 'வீரர்கள் போற்றும் நூல்' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே தாம்சன் நினைவு வருவார்.

இரண்டாமவர் டாங் துய் சாம். வட வியட்நாம் தரப்பின் மருத்துவர், இளம்பெண். குவாங் ஙாய் மாகாணத்துக் காடுகளில் மறைவு மருத்துவமனை நடத்தினார். மை லாய் இருப்பதும் அதே மாகாணத்தில்தான். 1970இல் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டார். அவருடைய நாட்குறிப்பு எரிக்கப்பட வேண்டிய தாள்களோடு போக இருந்தது. மொழிபெயர்ப்பாளராக இருந்த வியட்நாமியர் எரிக்க வேண்டாம் என்று தடுக்க, அமெரிக்க உளவுப் பிரிவு வீரர் ஒருவர் அதை எடுத்து வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து ஆண்டு தம்மிடமே வைத்திருந்து, 2005இல் அதன் படி அந்தப் பெண்ணின் தாயாரிடம் போய்ச் சேரச் செய்தார். அந்த ஆண்டே வியட்நாமில் நூலாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. அதைக் காத்துக் கொடுத்தவர் எதிர்த்தரப்பு வீரர் என்பதைக் கவனியுங்கள். தம் சக வீரர்களின் நூல்களில் கிடைக்காத ஏதோ ஒன்று அவருக்கு அந்தச் சிறு ஏட்டில் இருந்திருக்க வேண்டும்.

பதுங்குகுழி:
தகவலுக்கு நன்றி. துய் சாமின் நாட்குறிப்பைத் தேடிப் பார்க்கிறேன். தாம்சனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருவர் இறங்கினார், மற்றவர்கள் பறந்துகொண்டிருந்தார்கள் என்றும் அதைச் சொல்லலாம்.

நாணல்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நூலின் முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே? 1981இல் கஞ்சா கடத்தியதற்காக மேசன் கைதாகிறார். நூல் பெயர் வாங்கும்போது அவர் சிறையில். படித்ததும் எரிச்சலாகிவிட்டது. போரின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறாரோ?

கார்குழலி:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்தான் என்னைக் கடத்த வைத்தது என்று அவர் வாதாடவில்லை. கைதானதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நூலை முடித்துவிடுகிறார். காரணம் சொல்லி நியாயம் கேட்பவருக்கு இன்னும் ஒரு அத்தியாயமாவது வேண்டியிருக்கும். காயத்தில் இருந்து மீண்டேன், நீங்களும் மீளலாம் என்று முடியும் நூல்களை வீரர்கள் நம்புவதில்லை. பலர் மீளவில்லை என்பதை அவர்கள் அருகில் இருந்து பார்த்தவர்கள். இந்த நூலுக்கு அவர்களிடம் மதிப்பு இருப்பதற்கு அசிங்கமான அந்த முடிவும் ஒரு காரணம் என்பேன்.

நாணல்:
என் எரிச்சல் தீரவில்லை. வேலையில்லாமல் திண்டாடிய எத்தனையோ முன்னாள் வீரர்கள் கடத்தாமல்தானே வாழ்ந்தார்கள்? அவர்கள் நூல் எழுதவில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை.

பழைய ஏடு:
நாணல் சொன்னது முக்கியமானது. வியட்நாமில் அமெரிக்கா ஏறக்குறைய 12,000 ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்தியது, அவற்றில் சுமார் 5,000 அழிந்தன. ஓட்டியவர்கள் பல பத்தாயிரம் பேர். எழுதத் தெரிந்த சிலரின் அனுபவம் எல்லாருடைய அனுபவமாக ஆகிவிடுகிறது. அதிலும் மேசன் இருந்தது போரின் தொடக்க ஆண்டில். 1970இல் போனவரின் போர் வேறு. ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தே பறந்தவர்கள் அவர்கள்.

ஏட்டுச்சுவடி:
மாமாவிடம் கார்குழலி அக்கா சொன்னபடியே கேட்டேன். 'போர் நூலா? வேண்டாம்' என்றார். பிறகு 'என்ன ஹெலிகாப்டர்?' என்றார். ஹியூயி என்றதும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பயிற்சிப் பகுதியை முழுக்கப் படித்திருக்கிறார். நான் அலுத்துப்போன அதே பக்கங்கள்! இயந்திரம் நின்றுபோனால் எப்படி இறக்குவது என்ற இடத்தை எனக்கு விளக்கினார். டர்பைன் நின்ற கணமே கலெக்டிவைக் கீழே தள்ளிவிட வேண்டுமாம். யோசித்தால் ரோட்டார் வேகம் போய்விடும், போனால் திரும்ப வராது. விழும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுழற்றும். தரையை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, மிச்சமிருக்கும் சுழற்சியை ஒரே ஒரு முறை செலவழித்து இறங்க வேண்டும். மேசையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டை ஹெலிகாப்டராக வைத்துக் காட்டினார். நான் பிறந்ததில் இருந்து அவர் இவ்வளவு தொடர்ச்சியாகப் பேசிப் பார்த்ததில்லை.

போர்ப் பகுதி வந்ததும் நிறுத்திவிட்டார். நூலைத் திருப்பிக் கொடுத்து, 'மீதி எனக்குத் தெரியும்' என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

கார்குழலி:
கேட்காதது நல்லது. அவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அடுத்த முறை ஹெலிகாப்டரைப் பற்றியே கேளுங்கள். போரைப் பற்றி வேண்டாம். அவராக வந்தால் வரட்டும்.

பதுங்குகுழி:
சுழலி ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. சண்டைக்கு இல்லை. எங்களுக்கு ஹெலி கண்ணில் படும் முன்னமே சத்தம் வந்துவிடும். அந்த 'டப் டப்' என்ற அடி நெஞ்சுக்குள் விழும். உள்ளே இருக்கிற விமானிக்கும் அது அப்படியே கேட்குமா?

சுழலி:
கேட்காது ஐயா. கேள்வி நல்ல கேள்வி.

ஹியூயி மாதிரி இரண்டே தகடு கொண்ட ரோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 48 அடி. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 324 சுற்று. அப்படியென்றால் நொடிக்குப் பத்து பதினொரு முறை தகடு காற்றை அறைகிறது. தகட்டின் நுனி ஏறக்குறைய நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிறது. அதோடு ஹெலிகாப்டர் முன்னே போகும் வேகமும் சேர, முன்னேறும் பக்கத்துத் தகட்டின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும். போதாததற்கு, தாழ்ந்து இறங்கும்போது ஒரு தகடு கிளப்பிய சுழலுக்குள் அடுத்த தகடு புகுந்து அறையும். இந்த இரண்டு சத்தமும் பெரும்பாலும் முன்னாலும் முன்னே கீழேயும்தான் வீசப்படும். அதாவது ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. தாழ்ந்த ஒலி என்பதால் வெகுதூரம் போகும்.

உள்ளே இருப்பவருக்குத் தலைக்கு மேலே கியர்பெட்டியின் கீச்சொலி, பின்னால் டர்பைன், காதில் ஹெல்மெட், அதற்குள் வானொலியில் நாலு பேர் பேச்சு. அந்த அடி அவருக்குச் சத்தமாக வருவதை விட இருக்கையின் அதிர்வாகத்தான் வரும்.

பதுங்குகுழி:
அப்போது நாங்கள் கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாது.

சுழலி:
இறங்கி வெளியே நின்று இன்னொரு ஹெலிகாப்டர் தன்னை நோக்கி வருவதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அது அவரை ஏற்றிப்போக வருவதாக இருந்திருக்கும்.

பதுங்குகுழி:
சரி. நான் மூடி வைத்த இடத்தில் இருந்து திரும்ப எடுக்கலாமா என்று பார்க்கிறேன். உறுதி தரவில்லை. ஏட்டுச்சுவடி தம்பி, பேஷன்ஸ் மேசனின் நூல் உங்களிடம் இருந்தால் முதலில் அதைத் தாருங்கள்.